முட்டை என்று எழுதிய கொப்பி

அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடாக இருந்த வருஷங்களில் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு மாத்தளையிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். பலாபத்வலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, இறப்பர் மரங்களுக்கு நடுவே இரண்டு மைல் நடந்து வருவார். வந்த மாதமே பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கிடந்த கல்லு நிலத்தை எங்களைக் கொண்டு கொத்த வைத்தார். மரவள்ளியும் பசளிக்கீரையும் முருங்கையும் நட்டோம். அவை விளைந்தபின் வெள்ளிக்கிழமைதோறும் பிடுங்கி, ஆய்ந்து, கழுவி, நாங்களே சமைப்போம். மரவள்ளியை மூடி போடாமல் அவித்தால்தான் நஞ்சு ஆவியோடு போகும் என்பார். அதை நான் வீட்டில் சொன்னபோது, பத்து வருஷமாக மரவள்ளி அவித்துக்கொண்டிருந்த அம்மா சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள்.

வகுப்புச் சுவரில் உணவுப் படம் ஒன்று தொங்கியது. அதில் மூன்று வரிசை: உடலை வளர்ப்பவை, சக்தி தருபவை, நோயைத் தடுப்பவை. அதில் இருந்த ஆப்பிளை எங்களில் யாரும் கண்டதில்லை. படத்தை மனப்பாடம் செய்து முடித்ததும், முந்தின நாள் வீட்டில் சாப்பிட்டதைக் காலையில் கொப்பியில் எழுதச் சொன்னார் டீச்சர்.

அதை நான் பரீட்சைக் கேள்வி என்றே நினைத்தேன். கேள்வி என்றால் சரியான விடை ஒன்று இருக்க வேண்டும். விடைதான் சுவரில் தொங்குகிறதே. வரிசைக்கு ஒன்றாக எடுத்து, ‘முட்டை, சோறு, கீரை’ என்று எழுதினேன். பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்துவிட்டு, புள்ளி கூடக் கிடைக்கட்டும் என்று ‘இரண்டு முட்டை’ என்று எழுதினாள். ஒரு வாரத்துக்குள் வகுப்பே முட்டை சாப்பிட ஆரம்பித்துவிட்டது. டீச்சர் எழுத்துப் பிழைகளை மட்டும் சிவப்பு மையால் திருத்தினார்.

அந்த நாளில் மத்தியானத்துக்கு எங்களுக்கு ஆளுக்கொரு பிஸ்கட் கிடைக்கும். கல்விக் கந்தோரிலிருந்து, அதாவது கல்வி அலுவலகத்திலிருந்து, பெட்டியாக வரும். ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் கந்தோர் ஐயா ஒருவர் சொல்லாமல் வந்து நின்றார். கொப்பிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“பிள்ளைங்க வீட்டுல நல்லாத்தானே சாப்பிடுறாங்க, டீச்சர். இந்த பிஸ்கட்ட சாப்பாடு இல்லாத பிள்ளைங்க இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு மாத்தி விடலாமே.”

எங்களைப் பாராட்டுகிறார் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டீச்சர் எங்கள் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

“ஐயா ஒரு மணித்தியாலம் இருந்து, பிள்ளைங்களோட சாப்பிட்டுட்டுப் போங்க” என்றார்.

அன்றைக்கு மரவள்ளி அவித்து, பசளிக்கீரை சுண்டினோம். டீச்சர் தன் பையில் கொண்டுவந்த பாதித் தேங்காயைத் துருவிப் போட்டோம். ஐயாவுக்குத் தட்டிலும் எங்களுக்கு வாழை இலையிலும் பரிமாறினார் டீச்சர். இலை வைத்ததும் எல்லாரும் குனிந்து வேகவேகமாக அள்ளிச் சாப்பிட்டோம். ‘இரண்டு முட்டை’க்காரி தன் இலையை முடித்துவிட்டு, கிழங்கு அவித்த சட்டியின் அடியைச் சுரண்டப் போனாள். ஐயா தன் தட்டில் கை வைக்காமல் ஒவ்வொரு இலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கத்தில் இருந்த தங்கச்சியிடம் குனிந்தார். அவள் முதலாம் வகுப்பு. எழுதத் தெரியாது, படமும் பாடமில்லை.

“நேத்து ராத்திரி என்னம்மா சாப்பிட்டீங்க?”

“சாயத்தண்ணி.” பால் விடாத வெறும் தேநீரைத்தான் அப்படிச் சொல்வோம்.

“வேற?”

அவள் யோசித்தாள். நான் அவள் தொடையைக் கிள்ளி, “முட்டைன்னு சொல்லு” என்று காதுக்குள் சொன்னேன். அவளுக்கு வலித்ததே தவிர விளங்கவில்லை.

“சீனி இல்லாத சாயத்தண்ணி” என்றாள்.

ஐயா தன் தட்டை எடுத்து அவள் முன்னால் வைத்துவிட்டு எழுந்தார். வெளியே முருங்கை மரத்தடியில் டீச்சரும் அவரும் நின்று நிறைய நேரம் பேசினார்கள். அவர்தான் கூடுதலாகப் பேசினார். டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா தோட்ட வேலை முடிந்து லயத்து வீட்டுக்கு வந்ததும் வராததுமாக நான் முறையிட்டேன்.

“கந்தோர் ஐயா முன்னால இவ மானத்த வாங்கிட்டாம்மா. சாயத்தண்ணின்னு தப்பாச் சொல்லிட்டா.”

“அவரு என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. அவரு தட்ட இவளுக்குக் குடுத்துட்டாரு.”

அம்மா தங்கச்சியைக் கிட்டே கூப்பிட்டாள். அடி விழும் என்று காத்திருந்தேன். அவள் வாயோரம் காய்ந்திருந்த கீரையைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். விறகு எரிந்துகொண்டிருந்தும் வெகுநேரம் குனிந்து ஊதிக்கொண்டே இருந்தாள்.

பிஸ்கட் பெட்டி நிற்கவில்லை, மாதாமாதம் வந்தது. நாங்கள் எழுதியதற்குக் கிடைத்த பரிசு என்று நான் நினைத்துக்கொண்டேன். விடையைத் தப்பாகச் சொன்ன பிள்ளைக்கு மட்டும் ஏன் அவ்வளவு பெரிய தட்டு கிடைத்தது என்பதுதான் எனக்கு வெகுநாள் பொறாமையாக இருந்தது.