ரோஜாத் துருவும் லூபாவின் கையும்

என் மனைவி லூபாவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. சாப்பாட்டின் நடுவே எழுந்து போய் ஜன்னலைத் திறப்பாள். திரும்பி வந்து ஏன் இப்படிக் குளிருகிறது என்று என்னிடம் சண்டைக்கு நிற்பாள். கனடாவில் எங்கள் சாஸ்கட்சுவான் மாகாணத்துக் கோதுமை வயல்களில், பூஞ்சையால் வரும் துருநோய் வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் அவளுடைய உத்தியோகமாக இருந்தது. வயல் வயலாக நடந்து, இலையைத் திருப்பித் தேய்த்து, விரலில் ஆரஞ்சுப் பொடி ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை ஓயவில்லை.

ஓய்வு பெற்றதற்கு அடுத்த கோடையில், பக்கத்துப் பண்ணைக்காரன் எல்மரின் மேய்ச்சல் நிலத்தில், ஓடையோரக் காட்டு ரோஜாப் புதரில் துருவைக் கண்டாள். காட்டு ரோஜாவில் துரு எங்கள் பக்கம் கொசு மாதிரி, யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இவள் நான்கு இலையைப் பறித்து வந்து பழைய நுண்ணோக்கியில் வைத்தாள்.

"ஏன்யா, இங்க ஓடி வா! இந்தத் துருவோட வித்து மேல முள்ளப் பாரு. இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல!"

"எனக்கு எல்லாம் ஆரஞ்சுப் பந்தாத்தான் தெரியுது."

"ஆமா, உனக்குக் கல்யாணத்தன்னைக்கு நானே சரியாத் தெரியல."

சாஸ்கட்டூன் பல்கலைக்கழகத்தில் துருப்பூஞ்சைகளோடு குடித்தனம் நடத்தும் அவளுடைய சிநேகிதி இங்க்ரிட்டுக்கு இலைகள் போயின. மரபணுவைப் பார்த்துவிட்டு அவள் போன் செய்தாள்.

"லூபா, எதோடயும் ஒத்துப்போகல. புதுசுன்னுதான் நெனக்கிறேன். ஆனா கோடை வித்து மட்டும் பத்தாது. இலையுதிர் காலத்துல கறுப்பா வைக்குமே, குளிர் தாங்குற வித்து, அதயும் பாத்தாத்தான் பேர் வைப்பேன்."

"கொண்டாறேன்" என்றாள் லூபா.

அன்றோடு என் நிம்மதி போயிற்று. முன்பு அவள் கண்டுபிடித்த புதுத் துருக்கள் இரண்டுக்கு வேறு யாரோ முந்திக்கொண்டு பேர் வைத்துவிட்டார்கள். சாவதற்குள் ஒன்றாவது தன் கையால் வர வேண்டும் என்று அவளுக்கு வெறி. விடிந்ததும் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு புதரைப் பார்க்கக் கிளம்புவாள். வந்து காபியைப் பாதியில் வைத்துவிட்டு மறுபடியும் போவாள். வேறு எந்தப் புதரிலும் அந்தத் துரு இல்லை என்பதையும் ஊரெல்லாம் அலைந்து தெரிந்துகொண்டாள்.

செப்டம்பரில் ஒரு காலை வெளிறிப்போய் வந்து நின்றாள். "துரு இலை ஒண்ணுகூட இல்ல. எல்மர் மாட்ட விட்டு மேச்சுட்டான்."

அன்று தேவாலய மண்டபத்தில் விருந்து. சொல்லச் சொல்லக் கேட்காமல், ஊரே உருளைக்கிழங்கு அடைத்த பிரோஹிக் கொழுக்கட்டை தின்றுகொண்டிருக்கும்போது எல்மரைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் மாடு என் துருவத் தின்னுடுச்சு!"

எல்மர் வாயிலிருந்ததை விழுங்கினான். "ஏம்மா, நேத்துதான் அந்தப் பக்கம் போனேன். நல்ல இலையெல்லாம் அப்படியே இருக்கு. துருப்புடிச்சதா பாத்துப் பொறுக்கித் திங்க என் மாடு என்ன உன்ன மாதிரி படிச்சிருக்கா?"

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். லூபா கோட்டை மாட்டிக்கொண்டு போய்ப் பிக்கப்பில் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும், செய்தித்தாள்களுக்கு நடுவே காய வைத்திருந்த இலைகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். இடம் போதாமல் தரையிலும் பரப்பினாள். எல்லாம் ஆரஞ்சு. இது கறுக்கிறதோ, அது கறுக்கிறதோ என்று போகும்போதெல்லாம் பறித்து வந்தவை. துரு உயிருள்ள இலையில்தான் வளரும். பறித்தால் அதன் கதை முடிந்தது.

"மாடு இல்லய்யா. நான்தான். நானே மொட்டையடிச்சுட்டேன்." தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதாள். விருந்தில் மானத்தை வாங்கினாளே என்று எனக்கு வந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"தண்டுக்குள்ள மிச்சம் இருக்காதா?" என்றேன்.

"இருந்தா உண்டு."

மறுநாள் எல்மரிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். அடுத்த வசந்தத்தில் அவனே வந்து, தண்டில் ஆரஞ்சு வெடித்திருக்கிறது என்று சொன்னான். லூபா பிக்கப் சாவியை என் மடியில் தூக்கிப் போட்டாள்.

"நான் கெஞ்சினாலும் குடுக்காத."

கெஞ்சினாள். சாபம் விட்டாள். அந்தக் கோடையை நான் எப்படித் தள்ளினேன் என்று எனக்குத்தான் தெரியும். வேலிக்கு வர்ணம் அடித்தாள், பிடிக்கவில்லை என்று மறுபடி அடித்தாள். வெள்ளரி ஊறுகாயால் நிலவறை நிரம்பியது. ஒரு நாள் நடந்தே கிளம்பிவிட்டவளைப் பாதி வழியில் மடக்கி ஏற்றி வந்தேன்; வழியெல்லாம் வசவு.

முதல் உறைபனி விழுந்த பிறகு இருவருமாகப் போனோம். புதர் முன்னால் மண்டியிட்டு, இலைகளைத் தொடாமல் கீழிருந்து அண்ணாந்து பார்த்தாள். மிளகுத் தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். எழுந்தாள். இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"நீ பறி."

"நானா? பறிச்சவன் பேரத்தான உறையில எழுதுவீங்க? காலத்துக்கும் நிக்குற பேராச்சே!"

"தெரியும். என் கை ஒண்ணத் தொட்டா பறிக்கிறத நிறுத்தாது. ஒரு கொத்து போதும், மிச்சத்த விட்டுடு. பறிய்யா, சீக்கிரம்!"

பறித்தேன். பிக்கப்பில் உட்கார்ந்து உறையில் இடம், தேதி, பறித்தவர் என்ற இடத்தில் என் பேர் ஒரெஸ்ட் ப்ரோகொப்சுக், எல்லாம் எழுதினாள். மறுநாளே உறை இங்க்ரிட்டுக்குப் போயிற்று.

குளிர்காலத்தில் இங்க்ரிட்டின் போன் வந்தது. "புதுசுதான் லூபா, பேர் வச்சிடலாம்" என்று அவள் சொன்னது எனக்கே கேட்டது. லூபா போனைக் கொண்டு வந்து என் காதில் வைத்தாள்.

"பறிச்சவர் இவர்தான். இவர்கிட்டயே சொல்லு" என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

போனைப் பிடித்துக்கொண்டேன். "சரிம்மா" என்றேன்.