எனோக்கா அத்தானை மியூசியம் கூப்பிட்ட நாள்

எனோக்கா அத்தான் ஹொனலுலுவில் டவுன் பஸ் ஓட்டுகிறார். என் அக்கா எமலியாவைக் கட்டிய நாளிலிருந்து இதே வேலைதான். அவர் பஸ் மியூசியம் ஸ்டாப்பில் நின்றுதான் போகும். தொப்பியும் கேமராவுமாக இறங்குகிற வெளியூர்க்காரர்கள், "உள்ள பார்க்க நல்லா இருக்குமா?" என்று கேட்பார்கள். "நல்லா இருக்கும்னு சொல்லிக்கிறாங்க" என்பார் அத்தான். இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த மனுஷன் இப்படிச் சொன்னால் கேட்டவருக்கு எப்படி இருக்கும்? ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இறங்கிப் போவார்கள்.

ஆள் ஆறடிக்கு மேல். உடம்பைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், மனசு பஞ்சு. மாம்பழ சீசனில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு பை இருக்கும். பிள்ளைத்தாய்ச்சி ஏறினால் ரெண்டு பழம், பரீட்சைக்குப் போகிற பிள்ளை ஏறினால் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இவர் பாடினால் மற்றவர் பாடுவது கேட்காது. குறை என்று ஒன்றுதான், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அந்த முயல்களில் பெரிய முயல் இந்த மியூசியம்.

கதை அவருடைய பூட்டனாரிடம் தொடங்குகிறது. அந்த வீட்டில் ஒரு சோழித் தூண்டில் இருந்தது. கல்லும் சோழியும் எலும்பு முள்ளும் சேர்த்துக் கட்டியது. கடலில் இறக்கினால் எட்டுக்கால் பேய்க்கணவாய் தானாக வந்து சோழியைக் கட்டிக்கொள்ளுமாம். பூட்டனார் மீன்பிடிக்கப் போயிருந்த சமயம் பார்த்து, அவருடைய அண்ணன் அதை மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார். நல்ல எண்ணம்தான், செல்லரித்துப் போகாமல் இருக்கட்டும் என்று. மியூசியத்தின் மேலும் தப்புச் சொல்ல முடியாது. கொடுத்ததை வாங்கினார்கள், கண்ணாடிக்குள் பத்திரமாக வைத்தார்கள். ஆனால் பூட்டனாரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்து பாரும் என்று கூப்பிடவும் இல்லை. "கூப்பிட்டா போறேன்" என்று உட்கார்ந்தவர் அப்படியே கண்ணை மூடினார். அவர் மகனும் அதையே சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அத்தானின் அப்பாவும் அப்படியே. நாலாவதாக இவர். அழையா வீட்டில் நுழையாச் சம்பந்தி என்பார்களே, அது இந்தக் குடும்பத்துக்காகவே சொன்னது போலிருக்கும்.

எங்கள் தீவு வழக்கம் அப்படித்தான். விசேஷ வீட்டுக்குப் போனால் வாசலில் நின்று ராகம் போட்டுக் கூப்பிட வேண்டும். நான் இன்னார், இங்கிருந்து வருகிறேன், உள்ளே வரலாமா என்று. உள்ளேயிருந்து ஒருவர் அதே மாதிரி ராகத்தில் பதில் கொடுப்பார். பதில் முடியும்வரை நிலைப்படியைத் தாண்டக் கூடாது. தினசரி வாழ்க்கையில் எல்லோரும் ஹாரன் அடித்துவிட்டு உள்ளே போகிறோம், அது வேறு.

இந்த நிலையில்தான் அத்தானின் ஒரே மகள் கவெனாவுக்கு வேலை கிடைத்தது. எங்கே? அதே மியூசியத்தில்! வந்தவர்களுக்குச் சுற்றிக் காட்டுகிற வேலை. அக்கா சந்தோஷத்தில் அழுதாள். அத்தான் "ம், சரி" என்றார். அவ்வளவுதான். சாயந்திரம் அந்தப் பெண் வீட்டுக்கு வந்து, "அப்பா, இன்னைக்கு ராஜாவோட இறகுப் போர்வைய வெளிய எடுத்தாங்க. எத்தன ஆயிரம் குருவியோட இறகு தெரியுமா?" என்று தொடங்கினால், இவர் டிவி சத்தத்தைக் கூட்டுவார். மியூசியம் மண்டபத்தில் தொங்குகிற திமிங்கலத்தைப் பற்றிச் சொன்னாலும் அதே கதை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மகள் ஆசையாகச் சொல்கிறாள், காது கொடுத்துக் கேட்டால் காதா தேய்ந்துவிடும்?

ஒரு வருஷம் ஓடியது. ஊர்க்காரர்களுக்கென்று மியூசியத்தில் ஒரு விழா வைத்தார்கள். வாசலில் வந்து கூப்பிடுகிறவர்களுக்கு உள்ளேயிருந்து பதில் பாடுகிற பொறுப்பைக் கவெனாவிடம் கொடுத்தார்கள். அன்று அவள் நேரே, சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, சனிக்கிழமை வாசல்ல பதில் சொல்றது நான்தான். இத்தன வருஷமா யாரும் கூப்பிடலன்னு சொன்னீங்கல்ல? இப்ப நான் கூப்பிடுறேன். வருவீங்களா?"

அத்தான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வெறுங்கையோட எப்படி வர்றது? உங்கம்மாவ ஏதாவது செய்யச் சொல்லு" என்றார்.

வருகிறேன் என்பதற்கு அவர் பாஷையில் அதுதான் அர்த்தம். கவெனா துள்ளிக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடினாள். ஆனால் என்னைத் தனியாகப் பிடித்தபோது முகம் மாறிவிட்டது. "சித்தி, அன்னைக்கு அப்பா வரலேன்னா இனிமே நான் கேக்க மாட்டேன். அந்த எடத்தப் பத்தி வீட்ல வாயே தெறக்க மாட்டேன்" என்றாள். சொன்னால் செய்கிற பெண். அந்த அப்பனுக்குப் பிறந்தவள்தானே.

சனிக்கிழமை காலை அத்தான் சலவைச் சட்டை போட்டு, கழுத்தில் பச்சை இலை மாலை சூடி, காரை எடுத்தார். அக்கா முன்சீட்டில். பின்சீட்டில் நான், என் மடியில் ஒரு பெரிய அலுமினியத் தட்டு நிறைய லாவ்லாவ். இலையில் பொதிந்து ராத்திரி முழுக்க அவித்தது. மடி சுட்டது, வாசனை ஆளைத் தூக்கியது. எங்கள் வீடு இருக்கிற வைமானாலோவிலிருந்து மலையைத் தாண்டினால் ஹொனலுலு. பாலி கணவாய்ச் சாலையில் போனால் சீக்கிரம். ஏற்றம் தொடங்குகிற இடத்தில் அத்தானுக்கு மூக்கு விடைத்தது.

"எமலியா, உள்ள என்ன வச்ச?"

"மீனு."

"மீனு மட்டுந்தானா?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கொஞ்சம் பன்னிக் கறியும்."

கார் அப்படியே ஓரங்கட்டி நின்றது. எங்கள் ஊரில் பன்றிக் கறியோடு பாலி சாலையில் யாரும் மலை ஏற மாட்டார்கள். மலைக்கு இந்தப் பக்கம் பன்றிச் சாமிக்கு, அந்தப் பக்கம் எரிமலை அம்மாவுக்கு. ரெண்டு பேருக்கும் ஆகாது. அவன் பொருளை மலை வழியாக அவள் எல்லைக்குள் கொண்டுபோனால் வண்டி நடுமலையில் நின்றுவிடும். நான் வாரம் தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், இதையெல்லாம் நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். பன்றிக் கறியோடு நானும் அந்த மலை ஏற மாட்டேன்.

"ஏண்டி, உனக்கு அறிவிருக்கா? மலை தாண்டிப் போறோம்னு தெரியாதா?"

"பன்னி இல்லாம லாவ்லாவா? அத எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் குடுப்பேன்? எம் பொண்ணு வேலை பாக்குற எடம். எமலியா கஞ்சம்னு பேசவா?"

"அப்ப தூக்கிப் போடு. வழில போறவங்க யாராவது எடுத்துக்கட்டும்."

"போட்டுட்டு? வெறுங்கைய வீசிக்கிட்டுப் போவீங்களா? பூட்டன் காலத்துலேர்ந்து காத்துக் கெடந்து, போற அன்னைக்கு வெறுங்கை?"

பன்றியோடு மலை ஏறவும் முடியாது, பன்றி இல்லாமல் வாசலில் நிற்கவும் முடியாது. கடைசியில் நான்தான் கத்தினேன். "அத்தான், கடற்கரை ரோடு செத்தா போச்சு? சுத்திக்கிட்டுப் போங்க!"

திருப்பினார். தீவின் மூக்கைச் சுற்றிக்கொண்டு போகிற ரோடு அது. சனிக்கிழமை வேறு, கடலுக்குக் குளிக்கப் போகிற கூட்டம் மொத்தமும் எங்களுக்கு முன்னால் ஊர்ந்தது. அக்கா பைக்குள் கையை விட்டு ஜெபமாலையை உருட்டினாள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று நான் ஒரு பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டேன். பன்றிக் கறி அருமை. அதை அந்த நேரத்தில் வாய்விட்டுச் சொன்னதுதான் தப்பாகிவிட்டது. ரெண்டு பேருமே என்மேல் பாய்ந்தார்கள்.

போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஈ காக்கை இல்லை. படிக்கட்டின் ரெண்டு பக்கமும், முன்னால் வந்தவர்கள் வைத்த மாலைகள் கிடந்தன. அத்தான் தட்டை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு படியேறி, நிலைப்படிக்கு வெளியே நின்று தொண்டையைச் செருமினார். கூப்பிட்டார். அதைக் கூப்பிட்டார் என்றா சொல்வது? மூணாம் வகுப்புப் பையன் வாத்தியாரிடம் வெளியே போகக் கேட்கிற மாதிரி ஒரு குரல். பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது.

பதில் வரவில்லை. டிக்கெட் மேசையிலிருந்த பெண்தான் எட்டிப் பார்த்தாள். "அங்கிள், வரவேற்பெல்லாம் முடிஞ்சு ரொம்ப நேரமாச்சு. எல்லாரும் உள்ள போய்ட்டாங்க. நீங்களும் சும்மா வாங்க. ஆனா சாப்பாடு உள்ள கொண்டுபோகக் கூடாது."

"இது சாப்பாடு இல்லம்மா, காணிக்கை" என்றாள் அக்கா.

அத்தான் தட்டோடு திரும்பி ஒவ்வொரு படியாக இறங்க ஆரம்பித்தார். "கேட்டாச்சு. பதில் வரல. அவ்ளோதான். வா போலாம்."

எனக்கு வந்ததே கோபம்! "அத்தான், நில்லுங்க! என்ன கூப்பிட்டீங்க நீங்க? கொசு கூட அதவிடச் சத்தமாப் பாடும். வீட்ல காப்பி வேணும்னா மூணு வீட்டுக்குக் கேக்கற மாதிரி கத்துறீங்கல்ல? அந்தத் தொண்டை எங்க போச்சு? உள்ள ஒங்க பொண்ணு காலைலேர்ந்து வாசலையே பாத்துக்கிட்டு நின்னிருப்பா. இப்ப இப்படியே போனீங்க, அப்புறம் அவ ஒங்ககிட்ட எதையுமே சொல்ல மாட்டா. பாத்துக்குங்க."

கடைசியில் சொன்னது உறைத்தது. அத்தான் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "போங்க, சும்மா போங்க" என்றாள். திரும்ப ஏறினார். காலை அகட்டி நின்றார். இந்தத் தடவை சர்ச்சில் பாடுகிற எனோக்கா கூப்பிட்டார்.

கடலோரத்திலிருந்து வந்திருக்கிறேன், என் கை வெறுமையில்லை, என் அப்பன் பாட்டன் பெயர் வெறுமையில்லை, உள்ளே இருப்பவர்களே, குரல் கொடுங்கள்!

உள்ளே நடந்துகொண்டிருந்த பேச்சு நின்றது. டிக்கெட் மேசைப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். அப்புறம் அந்தப் பெரிய மண்டபத்தின் உச்சி மாடியில், திமிங்கலத்துக்கும் மேலே, கவெனாவின் குரல் எழுந்தது. கூட்டத்துக்குச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தவள், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்தே பாடினாள்.

மற்றவர்களுக்கு "வாருங்கள், உண்ணுங்கள், இருங்கள்" என்றுதான் பாடியிருப்பாள். அதுதான் வழக்கம். இப்போது அவள் பாடியது வேறு. முதலில் பூட்டனாரைப் பெயர் சொல்லி வாருங்கள் என்றாள். அடுத்து அவர் மகனை. அதற்கடுத்துத் தன் தாத்தாவை, அத்தானின் அப்பாவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, வாருங்கள், வாருங்கள், உள்ளே வாருங்கள். கடைசியில் அப்பா பெயரையும் சொல்லிக் கூப்பிட்டாள். அதோடு பாடி முடித்தாள்.

பதில் முடிந்தது. இனி உள்ளே போகலாம். அத்தான் போகவில்லை. தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, கதவை விட்டு ஒரு பக்கமாக ஒதுங்கி, தலையைக் குனிந்து நின்றார். அக்காவும் அவர் பக்கம் ஒதுங்கினாள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. நானும் நகர்ந்தேன்.

எங்களுக்குப் பின்னால் வெளியூர்க்காரர் ஒருவர் படியேறி வந்தார். வழி விட்டிருக்கிறோமே என்று நுழையப் போனார். அத்தான் பெரிய கையை நீட்டி மெதுவாகத் தடுத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு ஓடுகிறது, முகமெல்லாம் சிரிப்பு.

"கொஞ்சம் பொறுங்க தம்பி. எங்கப்பா போய்க்கிட்டிருக்காரு. அவருக்கு முழங்கால் வலி, மெதுவாத்தான் நடப்பாரு."

அந்த மனிதர் காலியான கதவைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அப்புறம்தான் அத்தான் உள்ளே போனார்.