டொராண்டோவுக்கு ஒரே வளைவு

எனக்கு மலைப்பாதை ஆகாது. ஏற்காட்டிலேயே பிறந்து, ஏற்காட்டிலேயே வாழ்க்கைப்பட்டும் ஆகாது. சேலத்துக்கு இறங்கும் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவு. பாதி தாண்டுவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும். கல்யாணம், காரியம் தவிர நான் கீழே இறங்குவதே இல்லை.

அப்படிப்பட்டவளைப் பார்த்து, "டொராண்டோவுல புள்ளைக்குப் பிரசவம், நீதான் போகோணும்" என்றார் என் வீட்டுக்காரர். மாப்பிள்ளைக்கு ராத்திரி வேலை. கூட இருக்க அங்கே வேறு நாதியில்லை. மகளோ தினமும் போனில், "நீ வர வேண்டாம்மா, உன்ற உடம்பு தாங்காது. நான் நல்லாத்தான் இருக்கறேன்" என்பாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போகாவிட்டால் பிள்ளை தனியாகக் கிடந்து அல்லாடுவாள். போனால் என்னைத் தூக்கிக்கொண்டுதான் இறக்க வேண்டும்.

அவர் வாழவந்திப் பக்கம் காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். எதற்கும் கணக்கோடு வருவார். இரண்டு ஊர்ப் பெயரைப் போட்டால் விமான தூரம் சொல்லும் பக்கத்தைப் போனில் திறந்து காட்டினார். சென்னையிலிருந்து பதின்மூவாயிரம் கிலோமீட்டர் சொச்சம். பதினாறு மணி நேரம். நடுவில் இறங்கி ஏறுவது தனி. அங்கேயே எனக்குத் தலை சுற்றியது.

"தூரத்தை உடு புள்ள, ரோட்டப் பாரு" என்று படத்தை விரலால் பெரிதாக்கினார். சென்னையில் கிளம்பிய கோடு மேலே ஏறி, வளைந்து, டொராண்டோவில் இறங்கியிருந்தது. "எண்ணிக்க. ஒரே வளைவு. அதுவும் நல்ல அகல வளைவு."

மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். வாஸ்தவம்தான். மலைக்காரியிடம் கிலோமீட்டர் பேசி என்ன பிரயோஜனம்? எங்களுக்கு வளைவுதான் கணக்கு. பெற்ற பிள்ளைக்காக ஒரு வளைவைத் தாங்க மாட்டேனா? அன்றைக்கே சரி என்றேன்.

விமானத்தில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி, அந்த ஒரு வளைவுக்காகக் கண்ணை இறுக மூடிக் காத்திருந்தேன். வந்தபாடில்லை. பக்கத்தில் இருந்த நாமக்கல் பெண்ணிடம், "ஏங்கண்ணு, வளைவு எப்ப வரும்?" என்றேன். விஷயத்தைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உருண்டையா இருக்கற பூமியத் தட்டையா வரைஞ்சா கோடு அப்படித்தானுங்க தெரியும். ப்ளேன் நேராத்தான் போவுதுங்க."

வந்ததே எனக்குக் கோபம்! விமானம் மாறுகிற இடத்தில் முதல் வேலையாக அவரைப் போனில் பிடித்தேன். "ஏனுங்க, வளைவே கிடையாதாமுங்க! நல்லா ஏமாத்துனீங்க என்னை."

"அட, இன்னும் நல்லதாப் போச்சு. ஏதாச்சும் சாப்பிட்டியா?" என்றார். தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கேட்டால் சிரிக்கிறார், பாவி மனுஷர்.

டொராண்டோவில் மகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றிருந்தாள். அவ்வளவு பெரிய வயிறு போனில் தெரிந்ததே இல்லை. சிரித்துக்கொண்டுதான் வந்தாள். "பாரு சாமி, அம்மா வந்துட்டேன்" என்றேன். என் தோளில் முகத்தைப் புதைத்தவள் நிமிரவேயில்லை.

"எனக்கு நொம்பப் பயமா இருக்குதும்மா" என்றாள். இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட அவள் அதைப் போனில் சொன்னதில்லை.