முகமூடிக்குக் கண் வெட்டியவன்

எங்கள் குழுவில் முகமூடிக்குக் கண் வெட்டுவது நான். அந்தக் கத்தியை வேறொருவரையும் தொட விட்டதில்லை. குழு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, நான்கு பேர். நான் துறைமுகத்தில் பெயின்ற் அடிக்கிறவன். என் நண்பனுக்குச் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் வேலை. அவனோடு வேலை செய்த சிங்களவர் ஒருவர், கிண்ணியாவிலிருந்து றபான் மேளம் அடிக்க வரும் வாத்தியார் ஒருவர். பார்க்க வருகிற சனமும் இப்படிக் கலந்துதான் இருக்கும் என்பதால் எங்கள் நாடகங்களில் பேச்சே கிடையாது. முகமூடி, பொம்மை, றபான், அவ்வளவுதான். மேடையில் என்ன நடந்தாலும் வாய் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டவனும் நானே.

பாலையூற்றில் நண்பனின் வீட்டுக் கொட்டிலில் ஞாயிறு பின்னேரங்களில் ஒத்திகை. களிமண்ணில் முகம் பிடித்து, அதன்மேல் பேப்பர்த் துண்டுகளைப் பசையில் தோய்த்து ஒட்டுவோம். பாணுக்கு வரிசையில் நின்ற காலம் அது. கோதுமை மாவைத் தொட்டால் வீட்டில் சண்டை என்பதால் மரவள்ளி மாவில் பசை காய்ச்சினோம். முகம் காய்ந்த பிறகுதான் கண். ஒரு கடலை நுழையும் அளவுக்குத்தான் வெட்டுவேன். ஓட்டை பெரிதானால் உள்ளே இருப்பவனின் முழி வெளியே தெரிந்து முகம் செத்துப்போகும். சிறிதாக இருந்தால் அவனுக்கு நேர் எதிரே உள்ளது மட்டும் தெரியும். பக்கத்தைப் பார்க்கத் தலையை முழுதாகத் திருப்ப வேண்டும். அந்தத் திருப்பத்தில் காகித முகத்துக்கு உயிர் வந்துவிடும். நண்பனைப்போல் அதைச் செய்தவர் எங்களில் இல்லை.

அவன்தான் ஒருநாள் கண் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கித் தரச் சொன்னான். வயது போகுதோ என்று கேட்டுச் சிரித்தேன். சில மாதம் கழித்து மறுபடியும் கேட்டான். எனக்குக் கோபம் வந்தது, நடிக்கத் தெரியாதவன்தான் ஓட்டையைக் குறை சொல்வான் என்றேன். மூன்றாம் முறை அவன் கேட்கவில்லை. குசினிக் கத்தியால் தானே ஓட்டையைச் சுரண்டியிருந்தான். நான் அந்த முகமூடியைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பழைய அளவிலேயே புதிதொன்று செய்து கொடுத்தேன். வாங்கிப் போட்டுக்கொண்டான். அப்போது அது எனக்கு வெற்றியாகப் பட்டது.

முகமூடி இல்லாத நேரத்திலும் அவன் கதவு நிலையில் தோளை முட்டுவான். பக்கத்திலிருந்து நீட்டிய தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டிவிடுவான். இவன் முகமூடியைக் கழற்ற மறந்துபோனான் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம், அவனும் சேர்ந்து சிரிப்பான். வருஷக்கணக்காக ஓட்டைக்குள்ளால் நேரே பார்த்ததில் கண் அப்படியே பழகிவிட்டது என்று அவன் நம்பினான். நானும் நம்பினேன். முகமூடி போடாதவன் என்றால் முதல் மாதமே டொக்டரிடம் ஓடியிருப்பான்.

தம்பலகாமத்தில் அறுவடை முடிந்த வயலில் ட்ராக்டர் பெட்டியை மேடையாக்கி ஆடினோம். நல்ல வெயில் வெளிச்சம். நண்பன் இடப்பக்கம் நடந்தான், விளிம்பு வந்ததும் நிற்கவில்லை, அப்படியே கீழே விழுந்தான். மணிக்கட்டு முறிந்தும் என் சட்டத்தை மீறி ஒரு சத்தம் போடவில்லை. சனம் அதுவும் ஆட்டம் என்று கைதட்டியது. திரும்பி வரும்போது அவன் வலியில் சுருண்டு கிடக்க, விளிம்பு தெரியாதவனுக்கு மேடை எதற்கு என்று ஏசிக்கொண்டே வந்தேன்.

கையைக் காட்ட அவனுடைய மனைவி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது நானும் போனேன். விழுந்த விதத்தைக் கேட்ட டொக்டர் கண்ணையும் பார்த்தார். எப்போதிருந்து இப்படி ஓட்டைக்குள்ளால் பார்ப்பதுபோல இருக்கிறது என்று கேட்டார்.

"எனக்குத் தெரியேல்லை ஐயா," என்றான் அவன். "நான் முகமூடி எண்டுதான் நினைச்சனான்."

கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது, முதலில் பக்கங்கள் போகும், நடு கடைசியாகப் போகும், போனது திரும்பாது என்றார் டொக்டர். முன்பே வந்திருந்தால் நிறுத்தப் பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார். மனைவி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை ஒரு சொல் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இரண்டு வருஷத்துக்குள் நடுவும் போய்விட்டது. சீனன்குடா வேலையும் போனது. அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, குழுவில் வைத்திருக்கச் சொல்லி. பொம்மையை ஆட்டக் கைக்குக் கண் தேவையில்லை என்றான். கொட்டிலில் நன்றாகத்தான் ஆட்டினான். அங்கே மேசை எங்கே, சுவர் எங்கே என்று அவன் உடம்புக்குத் தெரியும்.

கிண்ணியாவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஆடினோம். கிழவன் பொம்மை காகத்தைத் துரத்துகிற நாடகம்; பொம்மை அவன் கையில், காக முகமூடி எனக்கு. மேசையை ஒருதரம் சுற்றி வந்து அவன் பிள்ளைகளைப் பார்த்து நிற்க வேண்டும். அவன் அரைச் சுற்று கூடுதலாகச் சுற்றிவிட்டான். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி, பின்சுவருக்குக் கிழவனை ஆட்டினான். பொம்மை சுவரைக் கும்பிட்டது, சுவரைப் பார்த்து அழுதது. அவ்வளவு அழகாக அவன் ஒருநாளும் ஆட்டியதில்லை. பிள்ளைகள் அவனுடைய முதுகைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் கை எட்டும் தூரத்தில் நின்றேன். தோளைத் தொட்டுத் திருப்பியிருக்கலாம். தொட்டால் அவன் குருடன் என்று சபைக்குத் தெரிந்துவிடும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அது பொய். இன்றோடு இது முடியட்டும், இனி இவனைக் கூட்டி வர வேண்டாம் என்றுதான் நின்றேன்.

வெளியே வந்ததும் என் கையைத் தேடிப் பிடித்தான். "பிள்ளையள் நல்லாச் சிரிச்சவை என்ன, மச்சான்?"

"ஓம்," என்றேன்.

அதற்குப் பிறகு ஒத்திகை வைக்கவில்லை. மற்ற இருவருக்கும் ஏதோ சாட்டுச் சொன்னேன். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. நாலைந்து மாதம் கழித்துச் சந்தையில் அவனுடைய மனைவியைக் கண்டேன். ஒளிய இடமில்லை.

"அண்ணை, அவர் இன்னும் ஞாயிற்றுக்கிழமையில கொட்டிலைக் கூட்டி, மேசையைத் துடைச்சு வச்சிட்டு இருக்கிறார். வரமாட்டியள் எண்டா நீங்களே வந்து சொல்லுங்கோ. என்னால ஏலாது."

இந்த ஞாயிறு கட்டாயம் வந்து சொல்கிறேன் என்றேன். போகவில்லை.