திரை போட்ட அறையில் ஒரு மதியச் சாப்பாடு

போன ஞாயிற்றுக்கிழமை என் மகனும் அவன் சிநேகிதர்களும் மொட்டை மாடியில் கரி அடுப்பு மூட்டி, கம்பியில் கோழித் துண்டுகளைக் கோத்துச் சுட்டார்கள். கோடை வந்தால் இப்போது இது ஒரு வழக்கமாகிவிட்டது. "அம்மா, ஒரு பீஸாவது சாப்டுங்க" என்று மகன் தட்டை நீட்டினான். நல்ல வாசனைதான். ஆனால் அந்தக் கரிப்புகை மூக்கில் ஏறியதும் எனக்குக் கருவாடுதான் நினைவுக்கு வந்தது. கருவாட்டுக்குப் பின்னாலேயே பழைய சிநேகிதி ஆரோக்கியமும் நினைவில் வந்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டேன். பல்லுக்கு ஆகவில்லை என்று நினைத்திருப்பார்கள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. விழுப்புரத்தை அடுத்த காணைக்குப் பக்கத்தில் சொந்த நிலத்தில் பயிர் வைத்த குடும்பம் எங்களுடையது. படிப்பும் பயிற்சியும் முடித்து, திண்டிவனத்தில் கிராம சேவிகையாக வேலைக்குச் சேர்ந்தேன். ஊர் ஊராக நடந்து, பெண்களைக் கூட்டி உட்காரவைத்து, பிள்ளைகளுக்கு எதைக் கொடுத்தால் சத்து, எப்படிச் சமைத்தால் நல்லது என்று பாடம் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது ஒழுங்காக ரசம் வைக்கக்கூடத் தெரியாது. பெரிய பெரிய படங்களைக் காட்டிச் சமாளித்தேன்.

கூட வேலைக்குச் சேர்ந்தவள் ஆரோக்கியம். என் வயதுதான். திண்டிவனத்திலேயே கிடங்கல் பக்கம் ஒரு வீட்டின் பின்கட்டை இருவருமாக வாடகைக்குப் பிடித்தோம். அவள் கிறிஸ்தவப் பெண் என்று மட்டும் என் வீட்டில் சொல்லியிருந்தேன். அவளுடைய அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் கூலிக்கு அறுப்பு அறுப்பவர்கள், சேரியில் இருப்பவர்கள் என்பதைச் சொல்லவில்லை. அவர்களும் துருவிக் கேட்கவில்லை. கேட்காத வரைக்கும் வசதி என்று இருந்துவிட்டேன்.

சித்திரை, வைகாசியில் சாப்பாடு என்ன பெரிய சாப்பாடு? கேப்பைக் கூழ்தான். முதல் நாளே நொய் போட்டுக் காய்ச்சி வைத்து, மறுநாள் மோர் விட்டுக் கரைத்தால் வயிறு குளிர்ந்துவிடும். நான் கிண்டினால் கட்டி தட்டும். "சத்துணவு பாடம் எடுக்கற கையாடி இது?" என்று ஆரோக்கியம் கரண்டியைப் பிடுங்கிக்கொள்வாள். கொல்லையில் மூன்று கல் வைத்து, கொட்டாங்கச்சியை எரித்து, தணலில் கருவாட்டைச் சுடுவதும் அவள் வேலை. சாம்பலைத் தட்டிவிட்டு, சூட்டோடு சூடாகப் பாதியைப் பிய்த்து என் தட்டில் போடுவாள். நடுத்துண்டு எப்போதும் எனக்குத்தான் விழும். அதை நான் கவனித்தேன். வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

மாதம் ஒருமுறை விழுப்புரத்தில் கூட்டம் நடக்கும். ஒருமுறை, கையில் கட்டிக்கொண்டு போன சாப்பாடு வெயிலில் ஊசிப்போய்விட்டது. "ஓட்டலுக்குப் போலாமா?" என்று கேட்டது நான்தான். பெண்கள் தனியாக ஓட்டலுக்குள் நுழைவது அந்த நாளில் சாதாரண காரியமில்லை. ஆரோக்கியம் தயங்கினாள். ரயிலடிக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டலில் பெண்களுக்கென்று திரை போட்ட அறை உண்டு என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனேன்.

இலை போட்டு, சோறு பரிமாறி, சாம்பாரும் ஊற்றியாயிற்று. இரண்டு வாய்தான் சாப்பிட்டிருப்போம். திரையை விலக்கிக்கொண்டு என் சித்தப்பா உள்ளே வந்தார். வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, விற்க விழுப்புரம் வந்தவர், நாங்கள் உள்ளே போனதைப் பார்த்திருக்கிறார்.

"இன்னாம்மா, ஓட்டல்ல எல்லாம் சாப்பட ஆரம்பிச்சிட்டியா?" என்று சிரித்தார். பிறகு ஆரோக்கியத்தைப் பார்த்தார். "இது யாரு?"

"என்கூட வேலை செய்றவங்க சித்தப்பா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் பார்வை நகரவில்லை. "நம்ம ஜனம்தான்" என்று சொல்லிவிட்டேன்.

"அப்பிடியா? எந்த ஊரும்மா? யாரு வூட்டுப் பொண்ணு?"

ஆரோக்கியம் கையிலிருந்த சோற்றை இலையில் வைத்தாள். "பெருமுக்கல் பக்கம்ங்க. சேரி. எங்கப்பா அறுப்பு அறுக்கறவருங்க. இவங்க ஜனம் இல்லீங்க நானு."

சித்தப்பா திரையை விலக்கினார். வெளியே போய் முதலாளியிடம் பேசினார். முதலாளி உள்ளே வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், "எலைய நீயே எடுத்துக்கினு பின்பக்கமா போயிடும்மா" என்றார். அந்த ஓட்டலில் சாப்பிட்டவர் யாரும் இலையை எடுப்பதில்லை. ஆரோக்கியம் சோற்றோடு இலையை மடித்து, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, என்னைத் தாண்டிப் போனாள்.

நான் எழுந்திருக்கவில்லை.

"நீ சாப்டு" என்றார் சித்தப்பா. நான் சாப்பிட்டேன். ரசம் ஊற்றினார்கள், சாப்பிட்டேன். மோர் ஊற்றினார்கள்; அதையும் சாப்பிட்டேன். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம், தொண்டையில் இறங்காமல் எழுந்துவிட்டேன் என்று மாற்றிச் சொல்ல ஆசையாக இருக்கிறது. இறங்கியது. எனக்கு நல்ல பசி.

பஸ் நிலையத்தில் அவள் எனக்காகக் காத்திருந்தாள். ஒரே பஸ்ஸில் திண்டிவனம் வந்தோம். வீட்டுக்கு வந்து கை கால் கழுவிய பிறகு நான்தான் ஆரம்பித்தேன்: "உனக்காகத்தாண்டி அப்படிச் சொன்னேன்."

"பொய் சொல்லச் சொல்லி நான் கேட்டனா?" என்றாள். குரல் உயரவே இல்லை. "எனக்காகச் சொல்லல நீ. என்கூட ஒக்காந்துக்கினு இருந்ததுக்குச் சொன்ன. உங்க சித்தப்பா கேட்டாரு, ஓட்டல்காரரு எலைய எடுன்னாரு, அவங்க வழக்கம் அது. நீ எங்கப்பாவ இல்லேன்னுட்ட."

நான் பாயை விரித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

மூன்றாம் நாள் அப்பா வந்தார். சத்தம் போடவில்லை. தூரத்து உறவுக்காரர் வீடு ஒன்றை ஏற்பாடு செய்துவிட்டுத்தான் வந்திருந்தார். "பெட்டிய எடும்மா" என்றார். எடுத்தேன். அடம் பிடித்திருந்தால் வேலையை விடச் சொல்லியிருப்பார் என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், நான் அடம் பிடித்தே பார்க்கவில்லை.

அதற்குப் பிறகும் ஒரே ஆபீஸ், ஒரே பதிவேடு, ஒரே வெயில். ஆனால் ஆரோக்கியம் என்னை 'வாங்க, போங்க' என்று அழைக்கத் தொடங்கியிருந்தாள். "பிரம்மதேசம் நாளைக்கு நீங்க போறீங்களா, நான் போறதா?" என்று கேட்பாள். அந்த 'ங்க' எவ்வளவு தூரம் என்று, தமிழில் பேசுகிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் தெற்கே எங்கோ மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த ஓட்டல் இன்றைக்கு இல்லை. அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. திரை போட்ட அறைகளும் போய்விட்டன. அவை போனது நல்லதுதான். சித்தப்பா இல்லை, அப்பா இல்லை. கிடங்கல் வீட்டை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். சில வருடம் முன்பு மனசு கேட்காமல், கார் வைத்துக்கொண்டு பெருமுக்கல் பக்கம் போனேன். அவள் ஊரின் பெயர் எனக்குத் தெரியும். தெரு தெரியாது, அவள் அப்பாவின் பெயரும் தெரியாது. ஆரோக்கியம் என்ற பெயரில் ஆறேழு பேர் இருந்தாங்க, யாரைக் கேக்கறீங்க என்றார்கள். காரைத் திருப்பச் சொன்னேன்.

ஒன்றரை வருடம் அவள் கையால் சாப்பிட்டவள் நான். வாரத்தில் இரண்டு நாளாவது பஸ்ஸை விட்டு இறங்கி அவள் ஊர் வழியாகத்தான் வேலைக்கு நடந்து போவோம். "அம்மா கூழு ஊத்தும், வந்துட்டுப் போடி" என்று ஒவ்வொரு முறையும் கூப்பிடுவாள். ஒவ்வொரு முறையும், வெயில் ஏறிவிட்டது, இன்னொரு நாள் வருகிறேன் என்பேன்.