மூடமாட்டேன் என்கிற அக்கா

ஓர் இணையதளத்தின் முகவரியை, முதலில் வரும் மூன்று 'டபிள்யூ'வைக்கூட விடாமல், ஒற்றை விரலால் அடித்துக்கொண்டிருக்கிறார் அக்கா. அதே தளம் மேலே ஏற்கெனவே நான்கு டேப்களில் திறந்திருக்கிறது.

"அக்கா, ரெண்டு எழுத்து போதும். மிச்சத்தை அதுவே போட்டுக்கும்."

"அது போடறது சரியா இருக்கும்னு என்ன நிச்சயம்? நான் அடிச்சா, நான் அடிச்சது."

எங்கள் மருத்துவமனையில் முடியாத சிகிச்சைகளுக்கு வேறு மருத்துவமனைகளில் தேதி வாங்கித் தருவது எங்கள் இருவரின் வேலை. பக்கத்து நாற்காலி என் தலைவிதி. அக்கா எதையும் மூடமாட்டார். டேப்கள் தலைப்புத் தெரியாமல் சீப்புப் பற்களாக நெருங்கி நிற்கும். ஒன்று வேண்டுமென்றால் இடது கோடியிலிருந்து ஒவ்வொன்றாகச் சொடுக்கி, உதடு அசையப் படிப்பார். பக்கத்தில் ஒரு பெயரைத் தேடக் கண்ட்ரோலும் எஃப்பும் போதும் என்றேன். புக்மார்க் போட்டுக் காட்டினேன். "இருக்கட்டும்பா" என்பார். செவிடன் காதில் ஊதிய சங்கு.

அச்சு இயந்திரமோ அவர் கணினியோடுதான் இணைந்திருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு கடிதம் அச்சிடக் கால்மணி நேரம் காத்திருந்தேன். கணினி மூச்சுத் திணறியது. அக்கா சாப்பிடப் போயிருந்தார். பொறுத்தது போதும் என்று பிரவுசர் ஜன்னலை மொத்தமாக மூடினேன். கடிதம் மளமளவென்று வந்து விழுந்தது.

திரும்பி வந்த அக்கா திரையைப் பார்த்தார். கத்தவில்லை. உட்காரவும் இல்லை.

"அந்தக் குழந்தையோட இதய ஆபரேஷனுக்கு இடம் காலியாகுமான்னு பார்த்துட்டிருந்தேன்பா. அப்புறம் அந்த டிரைவரோட கண்ணு. ஒவ்வொரு பக்கமும் ஒரு ஆளு. தேதி கிடைச்சாத்தான் மூடுவேன். இப்ப யாரை மறந்தேன்னு எனக்கே எப்படித் தெரியும்?"

அவசரமாகப் பிரவுசரை மறுபடி திறந்தேன். கண்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். போன ஜன்னல் அத்தனை டேப்களோடும் திரும்பி வந்தது. அக்கா இடது கோடியிலிருந்து ஆரம்பித்தார். பாதி தாண்டியதும் குழந்தையின் பட்டியல் வந்தது. வியாழக்கிழமைக்கு ஒரே ஓர் இடம், அப்போதுதான் காலியாகியிருந்தது. பெயரை அடித்தார், அதே ஒற்றை விரலால். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கிடைத்துவிட்டது.

"வியாழக்கிழமை காலையில எட்டு மணிம்மா. அழாதே, முதல்ல எழுதிக்கோ" என்று தாயிடம் தொலைபேசியில் சொன்னார். பிறகு அந்த ஒரு டேப்பை மட்டும் மூடினார்.

"ஆமா, இவ்வளவு சொல்றியே, எழுந்து போறப்ப இதைப் பூட்ட வழி இருக்கா?"

இருக்கிறது. விண்டோஸ் விசையும் எல்லும். நான் சொல்லி அக்கா எழுதிக்கொண்டது அது ஒன்றைத்தான்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தார். இரண்டு விரல்களால் இரண்டு விசைகளை அழுத்தினார். நான்கு அடி நடந்தவர், திரும்பி வந்து, கடைப் பூட்டை இழுத்துப் பார்ப்பதுபோல மவுஸை ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.