அப்பா வழி சொன்ன படங்கள்

மடியில் வைத்த லேப்டாப்பின் சூடு பாவாடையைத் தாண்டித் தொடையில் இறங்கும். அதன் விசிறி, எங்கோ தூரத்தில் நெல் அறுக்கும் மிஷின் ஓடுவதைப் போல உறுமிக்கொண்டேயிருக்கும். அறை முழுக்க அப்பாவின் காலில் தடவிய முறிவெண்ணெயின் வாசம் நிற்கும். ஏழாம் வகுப்பு படித்த அந்த வருடத்து மாலைகளெல்லாம் எனக்கு இந்தச் சூடாகவும் சத்தமாகவும் வாசமாகவும்தான் நினைவில் இருக்கின்றன.

அப்பா கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் இடையில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு மழைநாளில், குறுக்கே வந்த கன்றுக்குட்டிக்காக வண்டியை ஒடித்தவர் வேனோடு பள்ளத்தில் சாய்ந்துவிட்டார். நல்லவேளையாக வண்டியில் ஆட்கள் இல்லை. அவருடைய இடது தொடை எலும்பு மட்டும் முறிந்தது. உள்ளே "ப்ளேட்டு" வைத்துத் தைத்து, வேங்கிக்காலில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் ஒற்றைக் கட்டிலில் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். அம்மா செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதிக்குச் சமையல் வேலைக்குப் போய்விடுவாள். பிளஸ் டூ படித்த அக்கா டியூஷன் முடிந்து வர ஏழு மணியாகும். பள்ளி விட்டு வந்ததிலிருந்து அப்பாவுக்கு நான்தான் துணை. ஆனால், நாளெல்லாம் ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்த மனிதர் அப்போது பேச்சையே விட்டுவிட்டிருந்தார். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எதைக் கேட்டாலும் ஒரு "ம்" சொல்வதோடு சரி. வேலையிலிருந்து வரும் அம்மா செருப்பைக் கழற்றும்போதே, "சாப்ட்டாரா? எதனா பேசினாரா?" என்பாள். முதல் கேள்விக்கு ஆமாம் என்பேன். இரண்டாவதற்கு அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

லேப்டாப் அக்காவுக்குப் பள்ளியில் அரசாங்கம் கொடுத்தது. அவளுடைய கம்ப்யூட்டர் டீச்சர் அதில் ஃப்ராக்டல் படம் போடும் மென்பொருள் ஒன்றை ஏற்றிக் கொடுத்திருந்தார். ஒரு சின்னக் கணக்கைக் கம்ப்யூட்டர் திரும்பத் திரும்பப் போட்டு, வருகிற விடைக்குத் தகுந்தபடி ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம் கொடுக்கும். புள்ளிகள் சேர்ந்து சுருளாகவும் கிளையாகவும் ஒரு படம் பிறக்கும். அதன் ஏதாவது ஒரு மூலையில் கட்டம் கட்டி அழுத்தினால், அந்த மூலை மட்டும் திரை நிறைய விரியும். விரிந்ததற்குள்ளும் சுருள்கள், அவற்றின் ஓரங்களில் இன்னும் பொடிப்பொடிச் சுருள்கள். ஆனால் உடனே வராது. மேலிருந்து பாய் விரிப்பதைப் போல வரிவரியாக இறங்கி முடிய ஐந்து நிமிடம், சில நாள் பத்து நிமிடம் ஆகும். அப்பாவின் கட்டிலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டு, தினமும் நான் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் எந்த மூலையைப் பெரிதாக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, தலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"பாப்பா, லெஃப்ட்ல ஒரு சந்து போவுது பாரு. அதுல வுடு."

திரும்பினால் பேச்சு நின்றுவிடுமோ என்று பயந்து, திரும்பாமலே அந்தச் சந்தில் அழுத்தினேன். கருநீலத்தில் ஒரு நீண்ட வளைவு மெல்ல இறங்கி வந்தது. "அடேங்கப்பா!" என்றார் அப்பா.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு "ரோடு போவறது" என்றே பெயராகிவிட்டது. நான் டீ போட்டுக் கொடுத்ததும் அப்பா தலையணையை நிமிர்த்திக்கொள்வார். "அங்க வேணாம்மா, அது முட்டுச் சந்து. இந்த வளைவுல போ, மெதுவா," என்று வழி சொல்வார், வளைவு வரும்போது அவருடைய கை தானாகக் கியர் போடும். நிறமும் அவர் சொல்வதுதான். "மழைக்கு முன்னாடி ஏரிக்கர மேல ஒரு கருப்பு நிக்கும் பாரு, அது வேணும்," என்பார். நான் நிறங்களைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே போவேன். "பச்ச ஜாஸ்தி. இன்னும் கொஞ்சம் கம்மி பண்ணு. ஆங், அதான்!" படம் இறங்கி முடிகிறவரை கதை நடக்கும்: பதினாறு வயதில் வீட்டுக்குத் தெரியாமல் லாரி கழுவப் போனது, அம்மாவை முதன்முதலில் வேனின் கண்ணாடியில் பார்த்தது, எல்லாம் அப்படித்தான் தெரியும் எனக்கு. படத்தைச் சேமிக்கட்டுமா என்றால், "எதுக்கு? நாளைக்கு வேற ரோட்ல போவோம்," என்றுவிடுவார்.

மாதக்கணக்கில் இப்படிப் போனது. ஒருநாள் அப்பாவும் அம்மாவும் டாக்டரைப் பார்த்துவிட்டு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அம்மா நேரே அடுப்படிக்குப் போனாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து, "எடு பாப்பா, போவலாம்," என்றார். அன்று அதுவரை போகாத ஆழத்துக்குப் போனோம். போகப்போகச் சுருள்கள் உடைந்து, திரையில் வெறும் சதுரங்களாக, செங்கல் அடுக்கியதுபோல வந்தது. எத்தனை முறை அழுத்தினாலும் அதே சதுரங்கள்.

"என்னாச்சு? ரோடு முடிஞ்சிடுச்சா?"

"இல்லப்பா. ரோடு முடியவே முடியாதுன்னு அக்காவோட டீச்சர் சொன்னாங்க. அவ்ளோ பொடி நம்பர இந்த லேப்டாப்பால எண்ண முடியல, அதான்."

அப்பா தன் இடது தொடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இந்தக் காலு இனிமே கிளட்ச் மிதிக்காதுன்னுட்டாங்கம்மா. வண்டி எடுக்க முடியாது."

என் அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான். அடுப்படி வாசலில் வந்து நின்ற அம்மா, பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவினாள். "அழுதுடுங்க. நீங்க வாயத் தொறந்தா போதும் எங்களுக்கு," என்றாள்.

வேன் கைமாறியது. கம்பு ஊன்றி நடக்கத் தொடங்கிய அப்பா, கீழ்பென்னாத்தூர் வேன் ஸ்டாண்டில் வண்டிகளை முறைப்படி அனுப்பிவைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அக்கா கல்லூரி விடுதிக்குப் போகும்போது லேப்டாப்பையும் கொண்டுபோனாள். அது அங்கேயே செத்துப்போனது. ஒரு படம்கூட மிச்சமில்லை.

இப்போது என் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய லேப்டாப் இருக்கிறது. வேலை முடிந்து வந்து தினமும் ஒரு படமாவது போடாமல் எனக்கு நாள் முடிவதில்லை. போன ஞாயிறு அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, எந்தப் பக்கம் போகலாம் என்று கேட்டேன். ஓர் ஓரத்தைக் காட்டினார். அழுத்திய விரலை எடுப்பதற்குள் படம் முழுசாக வந்து நின்றது.

"அதுக்குள்ள வந்துடுச்சா?" என்றார்.

"வந்துடுச்சுப்பா."

பழையதைவிட எத்தனையோ மடங்கு துல்லியமான படம். அழகாகத்தான் இருந்தது. ஒரு கதை தொடங்கத்தான் அதில் நேரமே இருக்கவில்லை.